கவசம் இல்லாதவன்

பி.காம். படித்தவனுக்கும் வெள்ளி கிரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சம்பந்தம் எங்கள் வீட்டு சிங்க்கில் இருக்கிறது.

பாத்திரம் தேய்ப்பது என் இலாகா. அன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்த தண்ணீர் மெல்லிய தகடாக விர்ரென்று பரவி, ஓரிடத்தில் சட்டென்று வேகம் குறைந்து, தடித்து, வட்டமாகக் கரை கட்டியது.

'அட, பௌ ஷாக்!' என்றேன்.

'முதல்ல குக்கரைத் தேய்ங்க' என்றாள் மனைவி.

சூரியனிலிருந்து மின்னேற்றத் துகள்கள் ஓயாமல் கிளம்பி, விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. சூரியக் காற்று. பூமிக்குக் காந்தப்புலம் என்று ஓர் அப்பா உண்டு. சுமார் 90,000 கிலோமீட்டர் தள்ளியே நிறுத்திவிடுவார். வெள்ளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. செவ்வாய்க்குப் பாறைகளில் அங்கங்கே மிச்சம், அவ்வளவுதான். அப்படியானால் காற்று நேரே வந்து தரையில் அறைய வேண்டுமே?

அறைவதில்லை. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தை மின்சாரம் கடத்தும் போர்வையாக்கி வைத்திருக்கின்றன. சூரியக் காற்று இழுத்துவரும் காந்தப்புலம் அதில் பட்டதும் மின்னோட்டம் கிளம்புகிறது. புலம் உள்ளே நுழைய முடியாமல் முன்னாலேயே குவிந்து மதிலாகிறது. வருகிற வேகத்தில், மதில் இருப்பது கிட்டே வரும்வரை காற்றுக்குத் தெரியாது. சட்டென்று வேகம் குறைந்து, அடர்ந்து, சூடேறி, விலகி ஓடுகிறது. அந்த எல்லைதான் பௌ ஷாக். பௌ என்றால் இங்கே வில் இல்லை, படகின் மூக்கு.

அடிக்க வருபவனே கவசத்துக்கும் சரக்கு கொண்டுவருகிறான்!

2022 டிசம்பரில் செவ்வாயருகே சூரியக் காற்று நூறில் ஒரு பங்காக மெலிந்தது. உடனே அந்த எல்லை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உப்பிப் போனதை நாஸாவின் மேவன் விண்கலம் பதிவு செய்தது.

என் அப்பா இருந்தவரை கடன்காரர், வீட்டுக்காரர், உறவுக்காரர் எல்லோரும் வாசலோடு சரி. அவர் போன மறுமாதம் நேரே என்னிடம் வந்தார்கள். தொலைந்தேன் என்றுதான் நினைத்தேன். 'உட்காருங்க சார், காபி சாப்பிடுங்க. அஞ்சாம் தேதி பாதி, மீதி அடுத்த மாசம்' என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். அவர்கள் வராதிருந்தால் அது எனக்குள் கிளம்பியே இருக்காது.

இலவசமில்லை. செவ்வாயிலிருந்து விநாடிக்குச் சுமார் 100 கிராம் காற்று உரிந்து போவதாக மேவன் கணக்கு 2015-ல் வெளியானது. எனக்குத் தலைமுடி.

ஆனால் வெள்ளியைப் பாருங்கள். காந்தப்புலமே இல்லாமல், பூமியைப்போல் 90 மடங்கு காற்றழுத்தத்தோடு இன்னும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. நான் வெள்ளி கட்சி.

குக்கர் இன்னும் பாக்கி.