பார்த்தாலே தெரியுமாம்

பள்ளிக்கூடப் பகுதியில் அதிவேகமாக வண்டி ஓட்டியதாக 2023 ஜூலையில் எனக்கு 1000 ரூபாய் அபராதம் போட்டார்கள். நான் கட்டவில்லை. கோர்ட்டுக்குப் போனேன். மூன்று வாய்தா, மூன்று நாள் சம்பளம் போச்சு. ‘ஆயிரத்தை விட்டெறிஞ்சிட்டு வேலையைப் பார்க்கறத விட்டுட்டு’ என்று வீட்டில் திட்டு. இயக்கத் தோழர் ஒருவர் இன்னும் கடுமையாகக் கேட்டார்: “குழந்தைங்க உயிர் விஷயம் தோழர், அதுல போயா வழக்கு?” நியாயமான கேள்விதான். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்தச் சாலையில் இரண்டு பள்ளிக்கூடங்கள். ஊருக்குள் நுழைந்ததும் தனியார் மெட்ரிக் பள்ளி. அதன் வாசலில் எச்சரிக்கைப் பலகை, வேகத்தடை, வெள்ளைக் கோடு, நகைக்கடை விளம்பரம் போட்ட பேரிகார்டு எல்லாம் உண்டு. ஒரு கிலோமீட்டர் தள்ளி, காலனி திரும்பும் இடத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி. அங்கே எதுவும் கிடையாது. பிள்ளைகள் மணியடித்ததும் நேரே தார்ச்சாலையில்தான் இறங்குவார்கள். மணல் லாரி போகிற ரோடு அது.

என்னை நிறுத்தியது இந்த இரண்டாவது பள்ளிக்கூடத்துக்கு எதிரில். ஸ்கூட்டியில் பின்னால் அம்மா, காலடியில் ரேஷன் அரிசி மூட்டை. அந்தச் சுமையோடு அந்த வண்டி எவ்வளவு வேகம் போகும் என்பது ஸ்கூட்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். “ஸ்கூல் ஏரியாவுல இவ்ளோ ஸ்பீடா?” என்றார் அதிகாரி. “எவ்வளவு ஸ்பீடு சார்?” என்றேன். பதில் இல்லை. “எந்த ஊரு?” சொன்னேன். “ஊரா, காலனியா?” அதையும் சொன்னேன். அதுவரை ‘வாங்க, போங்க’ என்றிருந்தவர் அதற்குப் பிறகு ‘நீ’ என்றார். கையில் இருந்த மெஷினில் சலான் வந்தது.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பாட்டில் பணம் கட்டுவது என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 200ஆம் பிரிவின்படி வழக்கை அதோடு முடித்துக்கொள்வது. அது நம் விருப்பம். அப்போது, கட்டாவிட்டால் வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போனது, அவ்வளவுதான். ‘கட்டலைன்னா வண்டியை எடுத்துட்டுப் போயிடுவேன்’ என்று மிரட்டினால், எந்தப் பிரிவில் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

சம்மன் வந்ததும் நேரே வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குப் போனேன். கோர்ட் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12ஆம் பிரிவு: பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. சாதிச் சான்றிதழ் நகல் போதும். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சட்டம் படிக்கிற தம்பி தங்கைகளே சிலர் என்னிடம் ‘அப்படியா அக்கா?’ என்றார்கள்.

எனக்குக் கிடைத்தது ஓர் இளம் வழக்கறிஞர். அவர் செய்த முதல் வேலை, என்னை ஆர்.டி.ஐ. எழுத வைத்தது. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி நெடுஞ்சாலைத் துறைக்கு இரண்டே கேள்வி: இந்த இடத்துக்கு வேக வரம்பு நிர்ணயித்த அரசிதழ் அறிவிக்கை எது? வேக வரம்புப் பலகை எந்தத் தேதியில் வைக்கப்பட்டது? 112ஆம் பிரிவின்படி, ஒரு குறிப்பிட்ட சாலைக்குத் தனி வரம்பு வைக்க மாநில அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும், பலகையும் வைக்க வேண்டும். பலகையிலும் இரண்டு வகை. பிள்ளைகள் படம் போட்ட சிவப்பு ஓர முக்கோணம் எச்சரிக்கை மட்டும்தான். சிவப்பு வட்டத்துக்குள் எண் எழுதியிருந்தால்தான் அது கட்டளை. எங்கள் பள்ளிக்கு முன்னால் முக்கோணமும் இல்லை, வட்டமும் இல்லை. பதில் 30 நாளுக்குள் வந்தது: அவ்விடத்துக்கு அறிவிக்கை ஏதும் இல்லை.

முதல் வாய்தா அன்று வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் கூப்பிடுகிறார்கள், ஆள் வந்து கை கட்டி நிற்கிறார், “ஒத்துக்கிறேங்கய்யா”, அபராதம், அடுத்த பெயர். ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம்கூட இல்லை. செங்கல் சூளைக்குப் போகிறவர், மீன் கூடைக்காரம்மா. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு வாய்தாவுக்கு வந்து போவதே ஒரு நாள் கூலி. என் முறை வந்தது. குற்றச்சாட்டின் சாரத்தைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்க வேண்டும் என்பது நடைமுறை. அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 251ஆம் பிரிவு, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 274. “இல்லை அய்யா” என்றேன். பெஞ்ச் கிளார்க் நிமிர்ந்து பார்த்தார்.

மூன்றாவது வாய்தாவில் அதிகாரி கூண்டேறினார். குறுக்கு விசாரணை பத்து நிமிடம்கூட இல்லை.

“என்ன வேகத்தில் வந்தார்?”

“அம்பது இருக்கும்.”

“எந்தக் கருவியில் அளந்தீர்கள்?”

“அன்னிக்கு ஸ்பீடு கன் எடுத்து வரல.”

“பிறகு எப்படி அம்பது?”

“இத்தனை வருஷ சர்வீஸ்ல பார்த்தாலே தெரியும்.”

வழக்கறிஞர் 183ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவை வாசித்தார். அதிவேகம் என்று ஒரே ஒரு சாட்சி தன் கருத்தைச் சொன்னால், அது மட்டும் தண்டிக்கப் போதாது. அந்தக் கருத்து இயந்திரமோ மின்னணுக் கருவியோ காட்டிய அளவை வைத்துச் சொன்னதாக இருக்க வேண்டும். இதை எழுதியவருக்கு நம்மைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. ஆனாலும் அந்த வரியைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பார்த்த பார்வையிலேயே நம்மை முடிவு கட்டுகிறவர்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்துப் பழகியவர்கள் நாம். ‘உனக்குத் தோன்றியது போதாது, அளந்து காட்டு’ என்று ஒரு சட்டப் புத்தகம் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

விடுதலை. ஒன்றரைப் பக்கத் தீர்ப்பு. நகலுக்கு மனுப் போட்டு வாங்கி வைத்திருக்கிறேன், நீங்களும் வாங்கி வையுங்கள்.

தோழருக்கான பதில் இனிமேல்தான். பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அபராதம் போட்ட சாலையில், அவர்களைக் காப்பாற்ற ஒரு பலகைகூட இல்லை என்பது அரசாங்கக் கடிதத்திலேயே இருக்கிறது. அந்தக் கடிதம் வழக்குப் போடாமல் என் கைக்கு வந்திருக்காது. தீர்ப்பு வந்த அடுத்த திங்கட்கிழமை, குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் அதை இணைத்து மனுக் கொடுத்தோம். தலைமையாசிரியரும் சத்துணவு அக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். நாலு மாதம் அலைந்து முக்கோணப் பலகை வந்துவிட்டது. வேகத்தடை வரவில்லை. அறிவிக்கை வந்தால்தான் வட்டப் பலகை என்கிறார்கள்.

அதுவரை மாலை மணியடித்ததும் சத்துணவு அக்காதான் சிவப்புத் துணியோடு ரோட்டில் நிற்கிறார். அடுத்த மனு எழுதியாகிவிட்டது. திங்கட்கிழமை பத்து மணிக்கு, கலெக்டர் ஆபீஸ் வாசலில். வர முடிந்தவர்கள் வாருங்கள்.