முன்னே நடந்த தாய்

பெண்ணுக்கு விழா எடுக்கிறார்களா நம் வீடுகளில்? எடுக்கிறார்கள்! பந்தல் உண்டு, பந்தி உண்டு, பட்டுப்புடவை உண்டு, சீர்வரிசைத் தட்டுகள் உண்டு, தெருமுனையில் அவள் படம் போட்ட பதாகையும் உண்டு. எப்போது? அவள் பூப்பெய்திவிட்டாள் என்று ஊருக்குப் பறைசாற்றும்போது! உடல் வளர்ச்சியின் இயல்பான ஒரு மாற்றத்துக்கு அத்தனை ஆரவாரம். உலகுக்கு அவள் வந்து சேர்ந்த நாளுக்கோ, ஒரு அருச்சனைச் சீட்டு. மிஞ்சினால் கடையில் வாங்கிய ஒரு கேக்கு.

அந்த மஞ்சள் நீராட்டிலே இன்னொரு கொடுமையும் உண்டு. நலங்கு வைக்கச் சுமங்கலிகளை வரிசை வரிசையாக அழைப்பார்கள். பெற்ற தாய் கணவனை இழந்தவளாக இருந்தால், அவள் ஒதுங்கி நிற்க வேண்டும். சுமந்த வயிறு அமங்கலம். சோறுண்ண வந்த கை மங்கலம்! விதவை மறுமணச் சட்டம் பிறந்தது 1856ஆம் ஆண்டில். நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடிய பின்னும், பல வீடுகளில் நலங்குத் தட்டு அவள் கைக்கு வந்து சேரவில்லை.

இதை மனத்தில் வைத்து, நெல்லித்தோப்பில் நாம் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியைக் கேளுங்கள், தோழர்களே!

நாம் குடியிருக்கும் தெருவிலே ஒரு தாய். தையல் இயந்திரமே அவருக்குத் துணை. கணவர் மறைந்து ஆண்டுகள் நான்கு. மகளுக்குப் பத்து வயது நிறைந்தது. "மகளையும் அவள் தோழிகளையும் ஒரு நாள் முழுதும் ஊர் சுற்றிக்காட்ட அழைத்துப் போகிறேன், நீங்களும் வாருங்கள், டீச்சர்" என்றார்.

தெரு சும்மா இருக்குமா? "ஆண் துணை இல்லாமல் எட்டுப் பெண்பிள்ளைகளா?" என்றது ஒரு வீடு. "நல்ல நாளும் அதுவுமாக அவள் முகத்தில் விழித்துப் போவதா?" என்று முனகினார் இன்னொரு வீட்டுப் பாட்டி. பாட்டி முனகி முடிப்பதற்குள், அவ்வீட்டு மருமகள் தம் மகளுக்குத் தலைவாரி, "அத்தையோடு போய் வா" என்று அனுப்பிவிட்டார். மறுப்புரை எழுதியோரில் அவரையே முதல்வர் என்போம் நாம்!

நடந்தே சென்றோம் தாவரவியல் பூங்காவுக்கு. 1826இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய தோட்டம் அது. மரநிழலில் எலுமிச்சைச் சோறு. எட்டு வீட்டுப் பிள்ளைகள், எத்தனையோ சாதி, மூன்று மதம். ஒருத்தியின் ஊறுகாய் மற்றொருத்தியின் சோற்றில். தீட்டு எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தோம், காணவில்லை.

பின்னர் நகரப் பேருந்து. இறங்கி, ஒரு காலத்தில் வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்து நின்ற பெரிய வாய்க்காலைக் கடந்து, பாரதி பூங்காவுக்குள் நுழைந்தோம். நடுவே ஆயி மண்டபம். புதுவை அரசின் சின்னமாக விளங்குவது அதுதான். தாய் கதை சொன்னார்: ஊரார் ஒதுக்கி வைத்த ஒரு பெண் ஆயி, விளக்கொளியில் மின்னிய அவள் மாளிகையைக் கோயில் என்றெண்ணி வணங்கிய மன்னன், உண்மை அறிந்ததும் சினந்து இடிக்க ஆணையிட்டானாம், அவளே வீட்டை இடித்து, அவ்விடத்தில் குளம் வெட்டி ஊருக்குத் தந்தாளாம். முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் வந்த பின், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது இம்மண்டபம் என்பர்.

கேட்டுக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி வினவினாள்: "அவள் ஆகாதவள் என்றால், அவள் தண்ணீர் மட்டும் எப்படி ஆயிற்று?"

பதில் சொல்ல எந்தச் சாத்திரத்தால் முடியும்? தாயின் முகத்தைப் பார்த்தோம். அவர் சிரித்தார், கண் கலங்கியிருந்தது.

மாலையில் கடற்கரைச் சாலை. 6 மணிக்கு மேல் வண்டிகள் நுழையா அச்சாலையில், 1836இல் ஒளியேற்றிய பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டி எட்டுப் பேரும் ஓடினர். 'மெல்ல நட' என்று அதட்ட எவருமில்லை.

"பிறந்த நாள் கொண்டாட்டம் பணக்காரர் ஆடம்பரந்தானே?" என்று கேட்கும் தோழர்களும் உளர். மெழுகுத்திரியும் மேனாட்டுப் பாட்டும் அல்ல நாம் பேசுவது, அந்தத் தேதியை! நட்சத்திரத்தை நம்பி வயதை மறந்த நாட்டில், பெண்ணின் பிறந்த தேதி ஒரு கேடயம். 1929ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயதுக்கு முன் அவளை மணமுடிக்காதே என்றது. 1978இல் அது 18 ஆயிற்று. பூப்பெய்திய நாளை அளவுகோலாகக் கொண்டது பழமை. பிறந்த நாளை அளவுகோலாகக் கொண்டது சட்டம். மகள் எந்த நாளைப் பெருமையாக எண்ணி வளர வேண்டும்? நாம்தாம் முடிவு செய்ய வேண்டும்.

ஒன்று செய்யுங்கள், தோழர்களே! பந்தலுக்கு ஒதுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். மகளின் பிறந்த நாளில் அவளையும் அவள் தோழிகளையும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். தெருவும் பூங்காவும் கடலும் அவர்களுக்கும் உரியவை என்று காலால் நடந்து அறியட்டும். கணவனை இழந்த தாய் உங்கள் தெருவில் இருந்தால், முன்னே நடக்கும்படி அவரை அழையுங்கள். அவர் பின்னே எட்டுப் பெண்கள் நடந்தால் போதும்; அமங்கலம் என்னும் சொல் அந்தத் தெருவில் வாழ இடமின்றிப் போகும்.