ஆறு மீற்றரில் காத்திருப்பது

கல்லடிக் கடற்கரையில் கச்சான் கொறிச்சுக்கொண்டு இருக்கிற பின்னேரங்களில் யாராவது ஒருத்தர் ‘ஹெர்மிஸ்’ கதையை எடுப்பது எங்கள் செட்டுக்கு வழக்கம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். மட்டக்களப்புக் கடலுக்கடியில், ஏறக்குறைய 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. கலைப்பீடக்காரர் எங்களுக்கு அதில் வரலாறு மட்டும்தான் தெரியும்.

போன மாதம் அந்தக் கப்பலைப் பார்த்துவிட்டு வந்த சுழியோடிகள் கரையில் சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். டேப் ஒட்டி, ஒன்றில் 21, இன்னொன்றில் 6 என்று பெரிசாக எழுதியிருந்தது. என்ன என்று கேட்டோம். அந்த ஆழத்துக்குக் கீழே அந்த வாயுவைச் சுவாசிக்கக்கூடாதாம்.

அடியில் சுவாசிப்பது ஒட்சிசன், நைதரசன், ஈலியம் மூன்றும் கலந்தது. வெறும் காற்றோடு போனால் அவ்வளவு ஆழத்தில் நைதரசன் கள்ளுக் குடிச்ச மாதிரித் தலையைக் கிறுக்கும். ஏறும்போது 21 மீற்றரில் பாதி ஒட்சிசன் உள்ள சிலிண்டர், 6 மீற்றரில் தனி ஒட்சிசன். தனி ஒட்சிசனை மாறி ஆழத்தில் எடுத்தால் வலிப்பு வரும். தண்ணிக்குள்ளே வலிப்பு என்றால் அநேகமாகச் சாவுதான். அதனால் ஒவ்வொருத்தரும் தன் சிலிண்டரைத் தானே அளந்து, தானே எழுதுகிறார். கப்பலில் நின்றதை விட, கயிற்றைப் பிடித்தபடி தங்கித் தங்கி ஏறிய நேரம் கூடவாம். கெதியா ஏறினால் உடம்பில் கரைந்திருக்கிற வாயு, சோடாப் போத்தல் திறந்த மாதிரிக் குமிழாகிவிடும்.

எங்களில் ஒருத்தி மட்டும் ஒன்றும் பேசவில்லை. அவளுடைய மாமா அட்டை பிடிக்கப் போனவர். இப்போது இடது காலை இழுத்துத்தான் நடப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போனோம். சாதாரணக் காற்றுச் சிலிண்டரோடு ஒரு நாளைக்கு நாலு தரம் இறங்கினவராம். “கால் விறைச்சது. களைப்பு எண்டு நினைச்சன் மனே. இறங்கினாச் சுகமாகும் எண்டாங்க, திரும்ப இறங்கினன்.” வீட்டில் எண்ணெய் தடவியிருக்கிறார்கள். உடனே ஒட்சிசன் கொடுத்து அமுக்க அறைக்குக் கொண்டுபோக வேண்டிய வருத்தம் அது. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

கயிற்றுக் கதையை மட்டும் சொன்னோம். கவனமாகக் கேட்டார்.

“நிண்டு நிண்டு வாறதுக்கும் காத்து வேணுமே, மனே. அந்தச் சிலிண்டருக்கு ஆர் காசு தாறது?”

பின்னால் அவருடைய மகன் முகமூடியைக் கழுவிக்கொண்டிருந்தான். அடுத்த நாள் விடிய அவனுக்குக் கடல்.