காச்சாவுக்குப் போகும் சாலை

யாருகியெஸ் சதுக்கத்தில் சனிக்கிழமை காலை, காச்சா என்ற மலைக்கிராமத்துக்குப் போகும் பிக்கப் வண்டிக்காகக் காத்திருந்தேன். ரியோபாம்பா நகரத்தோடு ஒட்டிப்போய்விட்ட பழைய ஊர் இது. தேவாலய வாசலில் வெயில் விழத் தொடங்கியிருந்தது. சந்தைக்கு மூட்டை இறக்கிவிட்டு மலைக்குத் திரும்பும் பெண்கள் சுவரோரம் உட்கார்ந்து கிச்சுவா மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். 1872 ஏப்ரல் 8 அன்று காச்சாவின் கிளர்ச்சித் தலைவர் பெர்னாந்தோ தாகிலேமாவைச் சுட்டுக் கொன்றது இந்த யாருகியெஸில்தான்.

ஈக்வடாரின் சிம்பொராசோ மாகாணத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அதே பெயருள்ள மலையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நானும் அதற்காகத்தான் வந்தேன். உயரம் 6,263 மீட்டர். எவரெஸ்ட் அளவு இல்லை. ஆனால் பூமி நடுக்கோட்டுப் பகுதியில் பருத்திருப்பதால், பூமியின் மையத்திலிருந்து அளந்தால் இந்த உச்சிதான் எல்லாவற்றிலும் தொலைவு. 1802இல் ஆய்வாளர் ஹம்போல்ட் ஏறப் பார்த்து, உச்சியைத் தொடாமலே இறங்கினார். 1880இல் மலையேறி விம்பர் தொட்டார். முந்தைய நாள் மலையேறிகளின் விடுதி வரை போயிருந்தேன். பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஒரு காலத்தில் இங்கே அழிந்தே போயிருந்த விக்குன்யா என்ற மலை விலங்குகளை 1988இல் பெருவிலிருந்தும் சிலியிலிருந்தும் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அவை புல்வெளியெங்கும் மேய்கின்றன. இந்த மலையின் பனியாற்றில் பனிக்கட்டி வெட்டி, புல்லில் சுற்றி, கழுதை மேல் ஏற்றி ரியோபாம்பா சந்தைக்குக் கொண்டுவந்த கடைசி மனிதர் பால்தசார் உஷ்கா 2024இல் இறந்தார். ஊர்க்காரர்கள் மலையைத் 'தைத்தா' என்கிறார்கள். தைத்தா என்றால் அப்பா.

ஆண்டிஸின் இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே கிடக்கிறது மாகாணம். சாம்போ ஆற்றில் சேரும் மழை கிழக்கே அமேசானுக்குப் போகிறது; சான்சான் ஆற்றில் சேர்வது மேற்கே பசிபிக்குக்கு. ஒரே மாகாணத்தின் தண்ணீர் இரண்டு கடலுக்குப் பிரிகிறது. தலைநகரான ரியோபாம்பாவும் இடம் பெயர்ந்த ஊர்தான். 1797 பிப்ரவரி 4 அன்று வந்த நிலநடுக்கத்தில் பழைய நகரம் இடிந்தது; அதன் ஒரு பகுதி மண்சரிவின் அடியில் புதைந்தது. பிழைத்தவர்கள் தாப்பி சமவெளிக்கு வந்து, நேர்நேரான தெருக்கள் போட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள்.

ஆனால் என்னை இங்கே பிடித்து நிறுத்தியது மலையும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. ஒரு சட்டப் பிரிவு.

1830இல் ஈக்வடார் தனி நாடானபோது அதன் முதல் அரசியலமைப்பை எழுதியது ரியோபாம்பாவில்தான். நகரத்துக்கு அதில் பெருமை, இருக்கட்டும். ஆனால் அந்தச் சட்டப்படி குடிமகனாக இருக்க 300 பெசோ மதிப்புள்ள சொத்தோ சுயமான தொழிலோ வேண்டும். கூலியாளாகவோ வேலைக்காரராகவோ இருக்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பூர்வகுடி மக்களைப் பொறுத்தவரை, அவர்களைப் பரிதாபத்துக்குரிய ஒரு கூட்டமாகச் சொல்லி, பங்குத்தந்தைகளை அவர்களுக்குக் காப்பாளர்களாக நியமித்தது 68ஆம் பிரிவு. சுற்றிலும் கிச்சுவா பேசும் கிராமங்கள் நிறைந்த ஊரில் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

நாற்பது ஆண்டு கழித்துக் காச்சா பதில் சொன்னது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகப் பிடுங்கினார்கள். அதற்கு மேல் சாலை போடும் வெட்டிவேலை, கட்டாயமாக. 1871 டிசம்பரில் மக்கள் எழுந்தார்கள். காச்சா சிற்றாலயத்தில் இருந்த புனித சூசையப்பர் சிலையின் கிரீடத்தையும் மேலங்கியையும் எடுத்துத் தாகிலேமாவுக்கு அணிவித்து அரசனாக்கினார்கள். புனின் ஊரைத் தாக்கியவர்களுக்குத் தலைமை தாங்கியவர் மானுவேலா லெயோன் என்ற பெண். ராணுவம் வந்து அடக்கியது. ஜனவரியில் மானுவேலாவையும், ஏப்ரலில் தாகிலேமாவையும் சுட்டார்கள். 2010இல் நாடாளுமன்றம் இருவரையும் நாட்டின் வீரர்களாக அறிவித்தது.

வண்டி வந்தது. பின்பக்கம் ஏறி, உர மூட்டைமேல் உட்கார்ந்தேன். யூகலிப்டஸ் மரங்களுக்கிடையே வளைந்து ஏறும் சாலை. சரிவுகளில் பார்லியும் உருளைக்கிழங்கும், நிற்க முடியாத இடத்தில்கூட வரப்பு. வண்டி ஓட்டியவரிடம் இந்தச் சாலையைப் பராமரிப்பது யார் என்று கேட்டேன். மாகாண அரசு என்றார்.

சிம்பொராசோவில் இரண்டு அதிகாரங்கள் அருகருகே இருக்கின்றன. ஆளுநரை நாட்டின் அதிபர் நியமிக்கிறார். 'பிரெஃபெக்தோ' எனப்படும் மாகாணத் தலைவரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கான்டன் எனப்படும் பத்து வட்டாரங்களின் மேயர்களும் கிராமப்புற மன்றங்களின் பிரதிநிதிகளும் மாகாண அவையில் அவரோடு உட்காருகிறார்கள். அவர்களின் முதன்மையான பொறுப்பு கிராமச் சாலைகளும் பாசனமும். எந்தச் சாலைக்காகக் காச்சா ரத்தம் சிந்தியதோ, அந்தச் சாலை இன்று அரசு மக்களுக்குச் செய்ய வேண்டிய கடமை.

இதற்கு நடுவே நூறு ஆண்டு போயிற்று. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஈக்வடாரில் வாக்குரிமை கிடைத்தது 1979 அரசியலமைப்பில்தான். அதுவரை காத்திருக்க முடியாது என்று நினைத்தவர் ரியோபாம்பா ஆயர் லெயோனிதாஸ் ப்ரொவான்யோ. 1962இல் அவர் வானொலிப் பள்ளிகளைத் தொடங்கினார். குடிசைக்குள் ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, கிச்சுவாவில் பாடம் கேட்டு எழுத்துக் கற்றார்கள். மறைமாவட்டத்தின் நிலங்களையும் விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். 1830இல் காப்பாளராக்கப்பட்ட சபையிலிருந்தே, காப்பாளர் தேவையில்லை என்று சொல்ல ஒருவர் வந்தார். இந்த மாகாணத்தில் என்னை மிகவும் நெகிழவைத்தது இதுதான். குவாமோத்தே கான்டன் 1992இல் மரியானோ குரிகாமா என்ற பூர்வகுடித் தலைவரை மேயராக்கியது. 2005இல் அவர் மாகாணத் தலைவரானார்.

காச்சாவில் அன்று மிங்கா. ஊரே கூடிச் செய்யும் பொதுவேலை. வெளியிலிருந்து பார்த்தால் பழைய வெட்டிவேலை மாதிரிதான் தெரியும். மண்வெட்டி, கடப்பாரை, கூலி கிடையாது. ஆனால் இது அவர்களே கூட்டத்தில் பேசி முடிவு செய்த வேலை, தூர்வாருவது அவர்களின் வயலுக்கு வரும் வாய்க்கால். சிவப்புப் போன்ச்சோ அணிந்த ஆண்களும் கம்பளிச் சால்வை போர்த்திய பெண்களும் வரிசையாக நின்று சேற்றை அள்ளி வெளியே போட்டார்கள். நானும் கொஞ்சம் அள்ளினேன். அவர்களுக்குப் பாதியளவுகூட முடியவில்லை.

மதியம் வேகவைத்த உருளைக்கிழங்கைத் துணிமேல் கொட்டி எல்லோரும் சாப்பிட்டோம். பிறகு ஊர்ச் செயலாளர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். கையெழுத்துப் போட வந்தவர்களில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. எழுத எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். ரேடியோவில், என்றார். பேனாவை இறுகப் பிடித்து, பெயரையும் தாய்வழி, தந்தைவழி இரண்டு குடும்பப் பெயர்களையும் ஓர் எழுத்து விடாமல் எழுதினார். எழுதியதை ஒருமுறை பார்த்துவிட்டு, சால்வையை இழுத்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு வாய்க்காலுக்குள் இறங்கினார்.