நகையும் இயந்திரமும்

விஞ்ஞானப் புனைகதைப் படமொன்றிலே அசட்டு நகைச்சுவைக்கு இடமுண்டா என்ற வினா ஒருநாள் எமது கன்ரீனில் எழுந்தது. 2024ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அயலான்’ படத்தைப் பற்றிய பேச்சிலிருந்து பிறந்த வினா அது. வேற்றுலகவாசி ஒருவன் வந்திறங்கினால் மனிதன் தன்னைப் பற்றிச் சிந்திக்கவேண்டும். எமது படங்களிலோ கதாநாயகனின் தோழர்கள் கூடியிருந்து பகிடி விடுகிறார்கள் என்று விஞ்ஞான பீடத்து நண்பரொருவர் குறைப்பட்டார். கலைப்பீட மாணவியாகிய நானும் உடனே ஆமோதித்தேன். ஆமோதித்த பின்னரே அம்மம்மாவின் நினைவு வந்தது.

‘எந்திரன்’ 2010ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வெளியானது. எனக்கு அப்போது ஏழு வயது. போர் முடிந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த அம்மம்மா படமாளிகைப் பக்கம் போவதை விட்டுப் பல ஆண்டுகளாகியிருந்தன. வெள்ளவத்தையிலிருந்த பேர்த்திக்குத் துணையாகவே அன்று வந்தார். சிட்டி என்னும் இயந்திர மனிதனிடம் தொலைக்காட்சியைப் போடும்படி சொல்ல, அது பெட்டியைத் தூக்கி நிலத்திலே போட்டது. அம்மம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் அவ்வாறு சிரித்ததை அதற்கு முன்னர் நான் கண்டதில்லை.

சிறிது நேரத்தின் பின் வேறொரு காட்சி வந்தது. தீப்பற்றிய கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த இளம்பெண்ணைச் சிட்டி காப்பாற்றுகிறது. ஆடையற்ற நிலையிலேயே அவளைத் தூக்கிவந்து ஊரார் முன்னிலையிலும் படப்பிடிப்புக் கருவிகளின் முன்னிலையிலும் நிறுத்துகிறது. நாணம் தாளாது ஓடிய அப்பெண் வாகனத்தில் மோதுண்டு இறக்கிறாள். படமாளிகை அமைதியாயிற்று. அந்த அமைதியிலே அம்மம்மா மெல்லச் சொன்னார்: “பாவம் அது. சொன்னதைத்தானே செய்தது.”

அச்சொற்களின் பொருளை உணர எனக்குப் பல ஆண்டுகள் சென்றன. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலைப் பாடமாகக் கற்றபோது, நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் ‘மடன்’ என்பதும் ஒன்றென அறிந்தேன். கேட்டதை ஆராய்ந்துணராமல் அவ்வாறே மெய்யெனக் கொள்ளும் இயல்பினையே மடன் என்று உரையாசிரியர் விளக்குவர். இயந்திரத்தின் இயல்பை இதனைவிடச் சுருக்கமாக யார் கூறிவிட முடியும்? சொல்லைக் கொள்ளும், கருத்தைக் கொள்ளாது. தமிழிலே ‘போடு’ என்பது விளக்கிற்கும் பொருந்தும், சோற்றிற்கும் பொருந்தும், சண்டைக்கும் பொருந்தும். எப்போது எதனைக் குறிக்கும் என்பதைக் குழந்தைகூட அறியும். சிட்டி அறியாது. கையூட்டு வாங்க நினைத்த போக்குவரத்துப் பொலிஸ்காரர் ‘வெட்டு’ என்றதும் அது உண்மையாகவே கையை வெட்டிவிடுகிறது.

இப்பகிடிகள் அசட்டுத்தனமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றை நீக்கிவிட்டால் படத்தின் மையம் சரிந்துவிடும். கட்டளைக்கிணங்கித் தன்னைப் படைத்த விஞ்ஞானி வசீகரனையே குத்த முனைந்ததனால் சிட்டி பரீட்சையிலே தோற்கிறது. தீக்காட்சியிலே ஓர் உயிர் போகிறது. தொலைக்காட்சிப் பெட்டி உடைந்ததற்கும் இவற்றிற்கும் காரணம் ஒன்றே. நாம் முதலிற் சிரித்திராவிட்டால் பின்னர் இவ்வளவு அதிர்ந்திருக்கமாட்டோம். ஓர் இயந்திர விதியை, எவ்விதக் கலைச்சொல்லுமின்றி, விஞ்ஞானம் படித்திராத ஒரு முதியவருக்கு அந்தச் சிரிப்பே கற்பித்துவிட்டது.

பின்பகுதியில் தீயதாக மாறிய சிட்டி, தன் போன்ற இயந்திரங்களின் நடுவே ஒளிந்திருக்கும் வசீகரனைத் தேடுகையில் ஆட்டைப்போலக் கத்துகிறது. எழுத்திலே இதனைச் சொன்னால் சிறுபிள்ளை விளையாட்டாகவே தோன்றும். திரையிலோ உடல் நடுங்குகிறது. சொன்னதைச் செய்து எம்மைச் சிரிக்கவைத்த இயந்திரம் இப்போது தானே எம்மைப் பார்த்து எள்ளத் தொடங்கிவிட்டது. எள்ளலும் நகையின் நிலைக்களன்களுள் ஒன்றன்றோ!

இதனாலே அப்படத்தின் நகைச்சுவை முழுவதையும் நான் ஏற்பதாகாது. சந்தானமும் கருணாஸும் நடித்த உதவியாளர் பாத்திரங்களை எடுத்துக்கொள்வோம். பல்லாண்டு உழைத்து இயந்திர மனிதனைப் படைக்கும் ஆய்வுகூடத்தில் அவர்கள் செய்யும் கோமாளித்தனம் எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடியது. நகைச்சுவைப் பகுதியைத் தனியே அமைத்துக் கதையோடு இணைக்கும் வழக்கம் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் காலந்தொட்டு எமது சினிமாவில் உண்டு. கலைவாணர் அவ்விடத்தைச் சிந்தனைக்கும் பயன்படுத்தினார். இங்கே அது ஆய்வுகூடத்தின் நம்பகத்தன்மையைக் குலைப்பதற்கே உதவுகிறது. கதாநாயகியைக் கடித்த நுளம்பைச் சிட்டி தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்கவைக்கும் காட்சியும் அத்தகையதே. ஏழு வயதில் நான் மிக உரத்துச் சிரித்த இடம் அதுவாயினும், இன்று பார்க்கையில் வருத்தமே மேலிடுகிறது. ஆசை பிறந்தும் அளவறியாத இயந்திரம் என்ற அரிய கருத்து, நுளம்போடு பேசும் வேடிக்கையிலே கரைந்துபோகிறது.

இப்படத்தின் வசனத்திலும் பங்குகொண்ட சுஜாதா, ‘என் இனிய இயந்திரா’ நாவலிலே ஜீனோ என்ற இயந்திர நாயைப் படைத்தவர். ஜீனோ பேசும், வாதாடும், சிரிக்கவைக்கும். அதன் குறும்பை நாவலிலிருந்து பிரித்தெடுத்தால் ஜீனோவே எஞ்சாது. எனவே, பகிடி அசடானதா அறிவார்ந்ததா என்பதன்று கேள்வி. அதனை வெட்டியெடுத்த பின்னும் கதை குறைவின்றி நிற்குமாயின் அது சுமை. கதை தளருமாயின் அதுவே கதையின் எலும்பு. நண்பருக்கு நான் அன்று கூறியிருக்கவேண்டிய விடை இதுதான்.

கூறவேண்டிய இன்னொன்றும் உண்டு. 2018ஆம் ஆண்டில் ‘2.0’ வெளியானபோது எனக்குப் பதினைந்து வயது. சுஜாதாவைப் படிக்கத் தொடங்கியிருந்த செருக்கு வேறு. “சிட்டியின்ரை படம் திரும்ப வந்திருக்காமே, என்னையும் கூட்டிக்கொண்டு போவியோ?” என்று அம்மம்மா கேட்டார். “இது முப்பரிமாணப் படம் அம்மம்மா, விஞ்ஞானம். உங்களுக்கு விளங்காது” என்றேன். அவர் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. நான் தோழியருடன் போய்வந்தேன். அடுத்த ஆண்டு அம்மம்மா காலமானார்.

முதற் படத்தின் கருத்தை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முன்னே உணர்ந்தவர் அவர். சிரித்ததனாலேயே உணர்ந்தார். அன்று கன்ரீனில் நண்பர் எமது படங்களின் சிரிப்பைக் குறைகூறியபோது நான் அவசரப்பட்டுத் தலையசைத்தது, அம்மம்மாவிடம் இரண்டாம் முறையும் “உங்களுக்கு விளங்காது” என்று சொன்னதுபோலாயிற்று.