ஆளுக்கொரு இயர்போன்

காலை ஐந்தரை மணிக்கே அந்த வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது. ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதம், இன்னொன்றில் தயிர்சாதம், ஃபிளாஸ்க் நிறையக் காபி. 2024 நவம்பர் 28, 'தேங்க்ஸ்கிவிங்' விடுமுறை நாள். அப்பாவும் மகளும் நேப்பர்வில்லில் இருந்து சிகாகோவுக்கு ரயிலேறிப் போய் அணிவகுப்பு பார்க்கும் நாள். மகளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது ஆரம்பித்த வழக்கம். இப்போது அவளுக்கு 17. அடுத்த வருடம் இந்நேரம் எந்த ஊர்க் கல்லூரியில் இருப்பாளோ, தெரியாது.

கிளம்பும்போது அம்மா கதவோரம் நின்று அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். 'இன்னிக்காவது சொல்லிடுங்க' என்று அர்த்தம். அப்பா தலையசைத்தார்.

சொல்லவேண்டிய விஷயம் ஒன்றுதான். அவருக்கு வேலை போய் மூன்று வாரமாகிறது. 48 வயது. ஒரே நிறுவனத்தில் 14 வருடம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, 15 நிமிட வீடியோ அழைப்பில் எல்லாம் முடிந்துவிட்டது. மகள் கல்லூரி விண்ணப்பங்களுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. அவள் மனதைக் கலைக்க வேண்டாம் என்று, 'வீட்டிலிருந்தே வேலை' என்று சொல்லி மாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டார். மனைவியின் சம்பளத்தில் வீட்டுக்கடன் தவணை போய்விடும். கல்லூரிக் கட்டணம்தான் இடித்தது.

ரயிலில் வழக்கம்போல மேல் தட்டில் இடம் பிடித்தார்கள். வழக்கம்போல அப்பா பையிலிருந்து வயர் வைத்த பழைய இயர்போனை எடுத்தார். வயர் இல்லாத இயர்பட்ஸ் மகளிடம் உண்டு. ஆனால் இந்த ஒரு நாளைக்கு வயர்தான். ஆளுக்கொரு காது. பாட்டும் ஒன்றேதான்: 'வில்கோ' என்ற சிகாகோ ராக் இசைக்குழுவின் 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பம். மொத்தம் 11 பாடல்கள்.

பவானிக்காரர் ஒருவருக்கு அமெரிக்க இண்டி ராக் எப்படிப் பிடித்தது என்று நண்பர்கள் இன்றும் கேட்பார்கள். 2001-ல் அவர் அமெரிக்கா வந்து இறங்கியபோது ஐ.டி. துறையே சரிந்து கிடந்தது. புராஜெக்ட் கிடைக்காமல் மாதக்கணக்கில் 'பெஞ்ச்'. ஓர் அப்பார்ட்மென்ட்டில் நான்கு பேர். செலவில்லாமல் போக முடிந்த ஒரே இடம் பொது நூலகம். மறுவருடம் அங்கேதான் அந்த சி.டி. கண்ணில் பட்டது. அட்டையில் சிகாகோ ஆற்றங்கரையில் நிற்கும் மரீனா சிட்டி இரட்டைக் கோபுரங்கள். பெர்ட்ரண்ட் கோல்ட்பர்க் என்ற கட்டடக் கலைஞர் 1960-களில் எழுப்பியவை. 65 மாடி. ஊர்க்காரர்கள் 'சோளக்கதிர்' என்பார்கள், பார்த்தால் அப்படித்தான் இருக்கும். 'நாம் பார்த்த கட்டடமாச்சே' என்றுதான் அவர் அந்த சி.டி.யை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து போட்டால், பாட்டுக்கு நடுவே ரேடியோ இரைச்சல்! ஆல்பத்தின் பெயரே சிற்றலை வானொலியில் பதிவான ஒரு மர்ம ஒலிபரப்பிலிருந்து வந்தது. ஒரு பெண் குரல் அந்த மூன்று சொற்களையும் திரும்பத் திரும்பச் சொல்லும். நம் நீளமான பெயர்களைக் கஸ்டமர் கேரில் 'எம் ஃபார் மேரி' என்று எழுத்துக் கூட்டிச் சொல்கிறோமே, அதே முறைதான். ஒய், ஹெச், எஃப். அவருக்கோ பவானி வீட்டுத் திண்ணையும், இலங்கை வானொலியைப் பிடிக்க அவருடைய அப்பா முள்ளைத் திருகும்போது வரும் கரகரப்பும் நினைவுக்கு வந்துவிட்டன. அன்றிரவு நான்கு முறை கேட்டார்.

ரயில் யூனியன் ஸ்டேஷன் போய்ச் சேருவதற்குள் அணிவகுப்பு எப்போதும் தொடங்கியிருக்கும். அதனால் இவர்கள் நிற்பது ஸ்டேட் தெருவின் வட கோடியில், ராண்டால்ஃப் சாலைக்குப் பக்கத்தில். அணிவகுப்பு முடிகிற இடம் அது. பழைய மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடையின் பெரிய கடிகாரம் அங்கிருந்து தெரியும். 1934-ல் பெருமந்தத்தின் நடுவே, வேலையும் பணமும் இல்லாமல் ஊரே சோர்ந்திருந்தபோது, மக்களைக் கொஞ்சம் சந்தோஷப்படுத்திக் கடைத்தெருவுக்கு வரவழைக்கத் தொடங்கியதுதான் இந்த அணிவகுப்பு.

ராட்சத பலூன்கள் காற்றில் முண்ட, கயிறு பிடித்தவர்கள் பின்னால் ஓடினார்கள். குதிரைகள் போயின. பள்ளிப் பிள்ளைகளின் பேண்டு வாத்தியம் வந்தது. குளிரில் விரல் விறைத்துப்போன ஒரு சிறுவன், ஊதுவதை விட்டுவிட்டு நடக்க மட்டும் செய்தான். மகள் அவனைப் பார்த்துக் கை தட்டினாள். முன்பெல்லாம் இதே இடத்தில் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து பார்த்தவள், இப்போது அவருக்குச் சமமாக நின்றாள்.

கூட்டம் கலைந்ததும் இருவரும் வடக்கே நடந்தார்கள். நான்கைந்து நிமிடத்தில் ஆறு. பாலத்தின் மேல் நின்றால் எதிரே ஆல்பத்தின் அட்டை, நிஜமாகவே. கீழ்ப்பக்கம் 19 அடுக்குகள் கார் நிறுத்துமிடம். வண்டிகளின் பின்பக்கம் வரிசையாக வெளியே தெரியும். மகள் சின்ன வயதில் சிவப்புக் கார்களை எண்ணுவாள். அன்றும் எண்ணினாள். ஏழு.

அப்பா தொண்டையைச் செருமினார். நேராகச் சொல்ல வரவில்லை. ஆல்பத்தின் கதையிலிருந்து ஆரம்பித்தார். "இந்த ஆல்பத்தை முதல்ல கம்பெனிக்காரங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க, தெரியும்ல கண்ணு?"

"தெரியும்ப்பா. வருஷா வருஷம் சொல்றீங்களே."

ஆமாம், சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ரிப்ரைஸ் நிறுவனம் ஆல்பத்தை வெளியிட மறுத்தது. குழுவினர் 2001 செப்டம்பரில் தங்கள் இணையதளத்திலேயே அதை இலவசமாகக் கேட்க விட்டார்கள். 2002 ஏப்ரலில் நான்சச் நிறுவனம் வெளியிட்டது. இரண்டு நிறுவனங்களுக்கும் முதலாளி ஒருவரே. வேண்டாம் என்ற ஆல்பத்துக்கே இன்னொரு முறை பணம் கொடுக்க நேர்ந்த கதை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவரைத் தாங்கிப் பிடித்தது அந்தக் கதைதான்.

"அதில்ல கண்ணு... அப்பாவுக்கும்..."

"உங்க ஐடி கார்டு மூணு வாரமா சாவி மாட்டுற ஆணியில இல்லப்பா."

அப்பா ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தில் ஒரு பஸ் போனது. காலடியில் இரும்பு அதிர்ந்தது.

"அம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்கல. நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து மகளே பேசினாள். "நீங்க எப்பவும் ஆல்பம் ஜெயிச்ச கதையைத்தான் சொல்வீங்க. ஜே பென்னட்டைப் பத்திச் சொல்லவே மாட்டீங்க."

அப்பா திரும்பிப் பார்த்தார். அது அவர் வேண்டுமென்றே தாண்டிப் போகிற பகுதி. பென்னட், பாடகர் ஜெஃப் ட்வீடியோடு சேர்ந்து அந்த ஆல்பத்தின் பல பாடல்களை எழுதியவர். எந்த வாத்தியத்தைக் கொடுத்தாலும் வாசிப்பார். வேலை முடிந்த கையோடு 2001-ல் அவரைக் குழுவிலிருந்து அனுப்பிவிட்டார்கள். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. 2009-ல், 45 வயதில் இறந்துபோனார்.

"அதை எதுக்கு உனக்குச் சொல்லணும்னு..."

"அதுவும் நடந்ததுதானேப்பா. ஆனா அவர் வாசிச்சது இன்னும் பாட்டுல இருக்கு. காலைல ரயில்ல கேட்டோமே." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். குளிரா, வேறேதாவதா, தெரியவில்லை. "அவர் படிச்சது நம்ம அர்பானா-ஷாம்பெய்ன்லதான். நானும் அங்க அப்ளை பண்ணியிருக்கேன். மத்த இடத்துக்கும் பண்ணியிருக்கேன். எங்கன்னு முடிவு பண்றப்போ நானும் கூட உட்காரணும். எவ்வளவு இருக்கு, எவ்வளவு கடன் வாங்கணும், எல்லாம் எனக்குத் தெரியணும். மாடில கதவைச் சாத்திக்கிட்டு நீங்க மட்டும் கணக்குப் போடாதீங்க."

அப்பாவால் உடனே பேச முடியவில்லை. பையைத் திறந்து தயிர்சாத டப்பாவை எடுத்தார். ஐஸ் போலச் சில்லிட்டிருந்தது. இருவரும் பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து, ஒரே ஸ்பூனில் மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள். ஃபிளாஸ்க் காபி மட்டும் இன்னும் சூடாக இருந்தது.

திரும்பும் ரயிலிலும் மேல் தட்டில் இடம் கிடைத்தது. மகள் இயர்போன் சிக்கலைப் பிரித்து ஒரு பக்கத்தை அப்பாவிடம் நீட்டினாள். பாட்டு ஆரம்பித்தது. அப்பா போனை எடுத்து மனைவிக்கு 'சொல்லிட்டேன்' என்று ஒரு வரி அனுப்பினார். அதைப் படித்துவிட்டு மகள் சிரித்தாள். "நீங்களா சொன்னீங்க?"

அவரும் சிரித்துவிட்டார். பிறகு போனில் மூன்று வாரமாகத் தான் மட்டும் பார்த்து வந்த வரவு செலவுக் கணக்கைத் திறந்து, திரையை அவள் பக்கம் திருப்பினார்.