எண்ணும் அலகும்

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்தனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் அன்புடன் பணித்தபோது, எதை எழுதுவதென்று யாம் நெடுநேரம் தயங்கவில்லை. பொறியியலாளராய்க் கழிந்த எமது வாழ்வில் யாம் இழைத்த பெருந்தவறு ஒன்றுண்டு. அதனைத் தடுத்திருக்கக்கூடிய பாடத்தை இக்கல்லூரியின் ஆய்வுகூடத்திலேயே கற்றிருந்தோம். ஆதலின் அதனை இங்குக் கூறுதலே முறையாகும்.

வெப்பக் கடத்தாறு என்னும் பாடத்தைத் தொடங்கும் நாளில் எமது பௌதிகவியல் ஆசான் பித்தளை மூக்குப்பேணி ஒன்றையும் சிரட்டை ஒன்றையும் மேசைமீது வைத்து, இரண்டிலும் கொதிநீர் வார்த்துத் தொட்டுப் பார்க்கச் செய்வார். பேணி கையைச் சுடும், சிரட்டை சுடாது. "இவ்வேறுபாட்டை எண்ணாற் கூறுவதே கடத்தாறு. ஆனால் எண்ணைத் தனியே விடாதீர்கள், ஒவ்வொரு வரியிலும் அலகையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்" என்பார். அலகு எழுதாவிடிற் புள்ளி குறையும் என்பதற்காகவே யாம் எழுதினோம். அதன் பொருளை உணர்ந்தோமல்லோம்.

1966 ஆம் ஆண்டு பொல்காவலையிற் புகைவண்டி மாறிப் பேராதனை வந்து, பல்கலைக் கழகத்திற் பொறியியல் மாணவரானோம். அங்கே நூல்நிலையத்தில் எம்மைத் திகைக்கச் செய்தது அலகுகளின் பெருக்கமே. செம்பின் கடத்தாறு ஒரு நூலில் ஏறத்தாழ 0.95 என்றும், வேறொன்றில் 230 என்றும், மற்றுமொன்றில் 400 என்றும் காணப்பட்டது. முதலாவது கலோரி, சென்ரிமீற்றர், செக்கன் கொண்டது. இரண்டாவது பிரித்தானிய வெப்ப அலகு, அடி, மணி, பாரன்ஹைட் பாகை கொண்டது. மூன்றாவது 1960 இல் உலக நாடுகள் கூடிப் பெயரிட்ட சர்வதேச அலகு முறையில் உவாற்றும் மீற்றரும் கொண்டது. செம்பு ஒன்றே, அதனை அளக்கும் கோல்களே வேறு.

மாற்றும் வழி கடினமன்று. ஒரு கலோரி 4.1868 யூல்; ஒரு மீற்றர் 100 சென்ரிமீற்றர். ஆகவே முதல் முறையின் எண்ணை 418.68 ஆற் பெருக்கினால் மூன்றாம் முறையின் எண் கிடைக்கும். பிரித்தானிய வெப்ப அலகு ஏறத்தாழ 1055 யூல், மணி 3600 செக்கன், அடி 0.3048 மீற்றர், பாரன்ஹைட் பாகை செல்சியசுப் பாகையின் ஒன்பதில் ஐந்து பங்கு. இவற்றை ஒழுங்காக வகுத்தால் 1.73 என்னும் எண் வரும். இங்கு வேண்டப்படுவது வெப்பநிலை வேறுபாடே. ஆதலால் 32 ஐக் கழித்தல் கூடாது. ஆனால் வணிகர் பட்டியல்களில் நான்காவது முறையொன்றும் வழங்கியது. அதிற் பரப்பு சதுர அடியிலும் தடிப்பு அங்குலத்திலும் இருக்கும். அதன் பெருக்கெண் 0.144, அஃதாவது முன்னையதிற் பன்னிரண்டில் ஒரு பங்கு. அப்பன்னிரண்டே எம்மை வீழ்த்தியது.

பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளின் பின், கண்டிக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலே, விறகு அடுப்பிலிருந்து உலர்த்திக்கு வெப்பக் காற்றைக் கொண்டு செல்லும் குழாய்க்குக் காப்புப் பூச்சிடும் பணி எம்மிடம் வந்தது. குழாயினுட் காற்று 200 பாரன்ஹைட் பாகையை அண்மியிருக்கும். பூச்சின் கடத்தாறு 0.04 என நூல் கூறியது. அஃது அடிக்கணக்கில் அமைந்த எண். யாமோ பட்டியலின் நினைவில் அதனை அங்குலக் கணக்கெனக் கொண்டு 0.144 ஆற் பெருக்கினோம். மூன்று அங்குலம் வேண்டிய இடத்திற் கால் அங்குலம் போதுமென விடை வந்தது. செலவு குறைந்ததென்று மகிழ்ந்தோம்!

அடுப்பைக் காத்துவந்த முதியவர் ஒருவர், "இது போதாதுங்க ஐயா. எங்க லயத்து அடுப்புச் சுவரே இதைவிடத் தடிப்புங்க" என்றார். யாம் கணக்குத் தாளைக் காட்டி அவர் வாயை அடைத்தோம். அடுப்பு மூட்டிய மூன்றாம் நாள் அவர் கால் இடறிக் குழாய்மீது முன்கையை ஊன்றினார். தோல் கொப்புளித்துவிட்டது.

அன்றிரவு தாளை மீண்டும் விரித்தோம். எமது கணக்கின்படி பூச்சின் கடத்தாறு மீற்றர் முறையில் 0.006 அளவினதாயிருந்தது. அசையாத காற்றின் கடத்தாறோ 0.026. சாதாரணக் காப்புப் பொருள்கள் தம் துளைகளில் அடைபட்ட காற்றினாலேயே வெப்பத்தைத் தடுப்பன. அத்தகைய பூச்சு காற்றையும் நான்கு மடங்கு விஞ்சுவது எங்ஙனம்? விடையைக் காற்றின் எண்ணோடு ஒருமுறை ஒப்பிட்டிருப்பின் பிழை அக்கணமே வெளிப்பட்டிருக்கும். அலகை ஒவ்வொரு வரியிலும் எழுதியிருப்பின் பிழையே தோன்றியிராது. ஒரு சமன்பாட்டின் உறுப்புகள் யாவும் ஒரே பரிமாணத்தன ஆதல் வேண்டுமென்று பிரெஞ்சு அறிஞர் யோசப் பூரியர் 1822 இல் எழுதியதும் வெப்பக் கடத்தலை ஆராய்ந்த நூலிலேயேயாம்.

மறுநாள் முதியவரின் லயத்துக்குச் சென்று, பிழை எம்முடையதே என்று கூறி மன்னிப்பு வேண்டினோம். "புண்ணு ஆறிப்போகுமுங்க. அடுத்தவன் கை படறதுக்குள்ள குழாயைச் சரிபண்ணிக் குடுங்க ஐயா" என்றார். சரிசெய்தோம். அதன்பின் அந்த அடுப்புக்கு வேண்டிய விறகும் குறைந்தது.

ஹந்தானையில் 1925 இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை 2001 இல் அருங்காட்சியகமாயிற்று. பேரப்பிள்ளைகளுடன் அங்குச் சென்று பழைய பொறிகளைக் காணுந்தோறும் அம்முதியவரின் முன்கை எம் நினைவில் எழும். இன்று அலகு மாற்றத்தைக் கணினி நொடியிற் செய்துவிடும். எனினும் எந்த அலகிலிருந்து என்பதை அதற்குச் சொல்லவேண்டியவர் நாமே. இளைய மாணவர்காள்! எண்ணின் அருகே அலகை எழுதுங்கள். விடை வந்தபின் அஃது இயற்கையோடு பொருந்துகின்றதா என்று வினவுங்கள். அடுப்பருகே நிற்பவர் சொல்லையும் செவிமடுங்கள்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!